சுழல்வது எதைப் பொறுத்து?

ஒரு பொருள் இயங்குகிறது என்று கூறும்போது, அது எதைப் பொறுத்து இயங்குகிறது என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. நேர்கோட்டில் சீராகச் செல்லும் இயக்கத்தைப் பற்றியவரை இக்கேள்விக்கு, கலிலியோ 1632இல் வெளியிட்ட உரையாடல் நூலிலேயே தெளிவான விடை உண்டு: அமைதியான கடலில் சீராகச் செல்லும் கப்பலின் மூடிய அறைக்குள் இருப்பவர், அங்கே சொட்டும் நீரையும் பறக்கும் பூச்சிகளையும் எவ்வளவு கூர்ந்து நோக்கினாலும், கப்பல் செல்கிறதா நிற்கிறதா என்று அறிய இயலாது, ஆகவே அத்தகைய இயக்கம் இரு பொருள்களுக்கு இடையிலான உறவேயன்றி, ஒரு பொருளுக்கு மட்டும் உரிய பண்பு அன்று. சுழற்சியோ இந்த விடைக்குள் அடங்குவதில்லை. அதே மூடிய அறை ஓர் அச்சைப் பற்றிச் சுழலுமானால், உள்ளே இருப்பவர் சன்னலைத் திறக்காமலே அதை உணர்ந்துவிடுவார். தட்டில் வைத்த பழம் சுவரை நோக்கி உருளும், சட்டியில் உள்ள நீரின் பரப்பு குழியும், தலை கிறுகிறுக்கும். வெளியே எதையும் பாராமல் அறியக்கூடியது அந்தப் பொருளுக்கே சொந்தமானது என்று கொண்டால், சுழற்சி பொருளின் சொந்தப் பண்பாகிறது. ஆனால், அண்டத்தில் வேறெதுவுமே இல்லாத நிலையில் ஒரே ஒரு பொருள் சுழல்கிறது என்பதற்கு என்ன பொருள் என்று கேட்டால், அந்த உறுதி உடனே தளர்ந்துவிடுகிறது. மெய்யியலாரையும் இறையியலாரையும் பின்னர் இயற்பியலாரையும் நெடுங்காலம் ஒருசேர ஆட்கொண்ட இச்சிக்கல், மின்விசிறியும் கடிகாரமும் வண்டிச் சக்கரமும் அன்றாடம் கண்முன் நிறுத்தும் ஓர் எளிய அளவிலிருந்து தொடங்குகிறது.

சுழற்சியை அளக்கும் அந்தக் கணியத்துக்குக் கோணத் திசைவேகம் என்று பெயர். ஒரு நொடியில் எவ்வளவு தொலைவு கடக்கப்பட்டது என்பதை விடுத்து, எவ்வளவு கோணம் திரும்பப்பட்டது என்பதை அது சொல்கிறது. கோணத்தை அளக்கும் அலகு ரேடியன். ஆரத்துக்குச் சமமான நீளமுள்ள வட்டவில் மையத்தில் அமைக்கும் கோணமே ஒரு ரேடியன் என்பதால், முழுச் சுற்று ஏறத்தாழ 6.28 ரேடியனாகும். நிமிடத்துக்கு 300 சுற்றுச் சுழலும் கூரை மின்விசிறி ஒன்றின் கோண வேகம் நொடிக்கு 31.4 ரேடியன். அதன் அச்சிலிருந்து 60 செ.மீ. தொலைவில் உள்ள இறக்கை நுனி நொடிக்கு 18.8 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறக்குறைய 68 கி.மீ. வேகத்தில் பாய்கிறது; அச்சிலிருந்து 6 செ.மீ. தொலைவில் உள்ள திருகாணி அதில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் செல்கிறது. அச்சுக்கோட்டின் மேல் உள்ள புள்ளி செல்வதே இல்லை. ஒரே பொருளில் விரைவும் மந்தமும் அசைவின்மையும் ஒரே நேரத்தில் குடியிருக்க, அவை அனைத்தையும் ஒரே ஓர் எண் ஆள்கிறது. ஆரத்தால் அந்த எண்ணைப் பெருக்கினால் அந்தந்தப் புள்ளியின் வேகம் கிடைத்துவிடுகிறது. இந்தக் கணியத்துக்குத் திசையும் உண்டு. அதைக் குறிக்கும் அம்பு சுழலும் விளிம்பின் வழியே அன்றி அச்சின் வழியே, எதுவுமே நகராத அந்தக் கோட்டின் வழியே, வரையப்படுகிறது.

உருளும் வண்டிச் சக்கரம் இதைவிட ஆழமான ஒன்றைக் காட்டுகிறது. சாலையில் நிற்பவருக்குச் சக்கரம் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசைவற்றது, குடம் வண்டியின் வேகத்தில் செல்வது, உச்சிப் புள்ளி அதன் இருமடங்கு வேகத்தில் செல்வது. வண்டியில் அமர்ந்திருப்பவருக்கோ குடம் அசைவற்றது, தரையைத் தொடும் புள்ளி பின்னோக்கியும் உச்சிப் புள்ளி முன்னோக்கியும் சம வேகத்தில் செல்பவை. எந்தப் புள்ளியின் திசைவேகத்திலும் இருவருக்கும் உடன்பாடு இல்லை. ஆனால் சக்கரத்தின் கோணத் திசைவேகம் எவ்வளவு என்று கேட்டால் இருவரும் ஒரே விடையைத் தருவர். நேர்கோட்டு வேகம் பார்ப்பவரோடு மாற, அவ்வாறு மாறாத ஒன்று அதே சக்கரத்தில் இருக்கிறது என்பது சிறிய செய்தி அன்று. சுழற்சி பொருளுக்கே உரியது என்று வாதிட்டவர்கள் அனைவருக்கும் உள்ளூர வலுவூட்டியது இந்த மாறாமைதான்.

கோண வேகமும் கடக்கும் வேகமும் எவ்வளவு விலகி நிற்கக்கூடும் என்பதற்குப் பூமியே சான்று. கடிகாரத்தின் மணிமுள் நாளொன்றுக்கு இரண்டு சுற்றுச் சுற்றுகிறது. பூமி ஒரு சுற்றே சுற்றுகிறது. கண்ணுக்குப் புலப்படாத மெதுவுடன் நகரும் மணிமுள்ளின் பாதி அளவே கோண வேகம் கொண்ட இந்தக் கோளத்தின் நடுக்கோட்டில் நிற்பவர், நொடிக்கு ஏறத்தாழ 465 மீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிக் கொண்டுசெல்லப்படுகிறார்.

ஒரே சுழற்சி பல வேகங்களைப் பங்கிட்டளிக்கிறது என்ற உண்மையைக் கடவுட் கொள்கையோடு முதலில் இணைத்தவர் பிளேட்டோ. அவர் இறுதிக் காலத்தில் எழுதிய ‘சட்டங்கள்’ என்ற உரையாடலின் பத்தாம் நூல், தெய்வங்கள் இல்லை என்போருக்கு விடையளிக்க முனைவது. இயக்கங்களை வகைப்படுத்துவதிலிருந்து அந்த வாதம் தொடங்குகிறது. ஓரிடத்தில் நின்றபடியே சுழலும் பொருளில் பெரிய வட்டமும் சிறிய வட்டமும் ஒன்றாகவே சுற்றிவர, அந்தச் சுழற்சி அவற்றின் அளவுக்கேற்ற விகிதத்தில் விரைவையும் மந்தத்தையும் வழங்குகிறது என்றும், இது வியப்புகளுக்கெல்லாம் பிறப்பிடம் என்றும் ஏதென்ஸ் நகரத்து முதியவர் அங்கே கூறுகிறார். பின்னர், அறிவின் இயக்கத்தை நேரில் காண இயலாது என்பதால் அதன் சாயலைத் தேட முற்பட்டு, ஒரே இடத்தில், ஒரே மையத்தைச் சுற்றி, ஒரே முறைப்படி நிகழும் சுழற்சியே அதற்கு மிக நெருங்கியது என்ற முடிவுக்கு வந்து, கடைசல் பொறியில் கடைந்தெடுத்த உருண்டையை அதற்கு எடுத்துக்காட்டாக்குகிறார். வானம் அவ்வாறு சுழல்வதால் அதை நடத்துவது அறிவுடைய நல்லான்மாவே என்பது வாதத்தின் முடிவு.

இதே ஆசிரியர் ‘குடியரசு’ நூலின் நான்காம் பகுதியில் பம்பரத்தை வேறொரு நோக்கத்துக்குப் பயன்படுத்தியிருப்பது இங்கே நினைக்கத்தக்கது. ஆணி ஓரிடத்தில் ஊன்றி நிற்கச் சுழலும் பம்பரம் ஒரே நேரத்தில் நிற்கவும் இயங்கவும் செய்கிறது என்று ஒருவர் வாதிடக்கூடும் என்பதை முன்னுணர்ந்த சாக்ரடீஸ், அச்சின்படி அது நிற்கிறது, சுற்றளவின்படி அது இயங்குகிறது என்று பிரித்துக் காட்டி, ஒரே ஆன்மாவிலும் முரண்பட்ட செயல்களுக்கு வெவ்வேறு பகுதிகள் இருந்தாக வேண்டும் என்ற முடிவுக்கு அதைப் படியாக்கினார். அங்கே பிரிவுக்குச் சான்றான சுழற்சி, ‘சட்டங்கள்’ நூலில் ஒருமைக்குச் சான்றாகிறது. சாயலிலிருந்து காரணத்துக்குத் தாவும் அந்த இறைவாதம் ஏற்கத்தக்கதன்று. சுழல்வதெல்லாம் அறிவால் சுழல்கிறது என்பது அதிலிருந்து பெறப்படுவதில்லை. ஆயினும், ஒன்றோடொன்று ஒவ்வாத வேகங்களை ஒரே விதி ஒருங்கே கட்டி ஆள்வதைக் கண்டு, அதில் அறிவின் தன்மையை உணர்ந்த அந்தப் பார்வை மிகக் கூரியது. கோணத் திசைவேகம் என்ற கருத்தின் கரு அங்கே இருக்கிறது.

இந்திய மெய்யியலில் இயக்கத்தை மிக நுணுகி வகைப்படுத்திய வைசேடிகம், மேலெறிதல், கீழெறிதல், சுருங்குதல், விரிதல், செல்லுதல் என்று செயல்களை ஐந்தாகக் கொண்டது; சுழற்சிக்கு அதில் தனியிடம் இல்லை. விசுவநாதரின் ‘பாஷாபரிச்சேதம்’, சுழலுதல், ஒழுகுதல், சுடர் மேல்நோக்கி எழுதல் முதலியவற்றையெல்லாம் செல்லுதல் என்பதற்குள்ளேயே அடக்குகிறது. பகுதிகளை நோக்கினால் இது சரியே. சுழலும் பொருளின் ஒவ்வொரு பகுதியும் ஓரிடம் விட்டு ஓரிடம் செல்லத்தான் செய்கிறது. முழுமையை நோக்கினாலோ, செல்லாமலே இயங்கும் ஒன்றைச் செல்லுதலின் ஒரு வகையாகக் கொண்டதில் ஓர் இழப்பு உண்டு.

அந்த இழப்பு எத்தகையது என்பதைப் பூமியின் சுழற்சி பற்றிய பழைய வாதமொன்று புலப்படுத்துகிறது. கி.பி. 499ஐத் தம் காலக் குறிப்பாகத் தரும் ஆரியபட்டர், 43,20,000 ஆண்டுகள் கொண்ட மகாயுகம் ஒன்றில் பூமி 158,22,37,500 முறை சுழல்கிறது என்று கணக்கிட்டார். விண்மீன்களைப் பொறுத்துப் பூமி ஒருமுறை சுழல எடுக்கும் காலம் இதன்படி 23 மணி 56 நிமிடம் 4 நொடியாகிறது, இக்கால அளவீடும் அதுவே. ஒரு பிராணனில் பூமி ஒரு கலை திரும்புகிறது என்றும் அவர் அதைச் சுருக்கிச் சொன்னார். பிராணன் என்பது ஒரு மூச்சின் அளவான, ஏறத்தாழ 4 நொடிக் காலம். கலை என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு கூறு. வட்டத்தில் 21,600 கலைகள், நாளில் 21,600 பிராணன்கள். கடந்த தொலைவைப் பேசாமல், காலத்துக்கு இவ்வளவு கோணம் என்று மட்டும் உரைக்கும் இக்கூற்று, பெயர் சொல்லாத கோணத் திசைவேகமேயாகும். மனிதர் ஒரு நாளில் விடும் மூச்சு 21,600 என்று கொண்டு, ஒரு நாழிகைக்கு 360 மூச்சாகப் பகுக்கும் யோக மரபின் கணக்கும் இதே எண்ணைக் கொண்டிருப்பதால், உடலின் தாளமும் உலகின் தாளமும் ஒன்றே என்ற சமய உணர்வுக்கு இங்கே ஓர் அளவு வடிவம் கிடைத்தது. உலகம் உடலோடு ஒத்திசைகிறது என்பதற்கு இது சான்றாகாது, ஏனெனில் மூச்சின் அளவு வட்டத்தின் பகுப்புக்கு இயைய வகுக்கப்பட்டதாகவே கொள்ள இடமுண்டு. ஆனாலும் சுழற்சியை அளக்க உயிரின் மூச்சை அலகாகக் கொண்ட அந்த மனப்பாங்கு மதிக்கத்தக்கது.

ஆற்றில் செல்லும் படகிலிருப்பவருக்குக் கரையிலுள்ளவை பின்னோக்கிச் செல்வதாகத் தோன்றுவதைக் காட்டி, நிற்கும் விண்மீன்கள் மேற்கே செல்வதாகத் தோன்றுவதை ஆரியபட்டர் விளக்கினார். பின்வந்த உரையாசிரியர்கள் பலர் இதை ஏற்கத் தயங்கினர். பிரம்மகுப்தர் 628இல் எழுதிய நூலில் வெளிப்படையாகவே மறுத்தார்: ஒரு பிராணனுக்கு ஒரு கலை பூமி செல்லுமானால் அது எந்த வழியாக எங்கே செல்கிறது, சுழல்கிறதென்றால் உயர்ந்த பொருள்கள் ஏன் விழுவதில்லை என்பன அவருடைய வினாக்கள். முதல் வினா சுழற்சியையும் செல்லுதலாகவே பார்க்கிறது. வழியும் சேருமிடமும் இல்லாத இயக்கம் அதன் பார்வைக்குள் வரவில்லை. இரண்டாம் வினாவின் மதிப்பு இதுவரை போதிய அளவு உணரப்படவில்லை. படகு உவமை, எது இயங்குகிறது என்பதைக் காட்சியைக் கொண்டு முடிவு செய்ய இயலாது என்பதை மட்டுமே நிறுவும். பிரம்மகுப்தர் கேட்டதோ, பூமி உண்மையாகவே சுழல்கிறதென்றால் அச்சுழற்சி பூமியின் மேலேயே ஏதேனும் தடயம் விட்டிருக்க வேண்டாமா என்பது. அவ்வாறு கேட்டது முற்றிலும் முறையே. தடயம் இருக்கத்தான் செய்கிறது. மிகச் சிறிதாக இருந்ததால் அவர் காலத்துக் கருவிகளுக்கு அது எட்டவில்லை. நடுக்கோட்டில் சுழற்சியால் எடை குறையும் அளவு ஏறத்தாழ 289இல் ஒரு பங்கே. பாரிஸிலிருந்து தென்னமெரிக்காவின் கயேன் தீவுக்கு 1672இல் சென்ற ஜான் ரிஷேர், தம் ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் மெதுவாக ஓடுவதைக் கண்டபோது, அவரைத் தடுமாறச் செய்ததில் ஒரு பங்கு இந்தத் தடயத்துடையது.

நியூட்டன் 1687இல் வெளியிட்ட ‘பிரின்சிப்பியா’வின் தொடக்கத்தில், இக்கேள்வியை ஒரு வாளியைக் கொண்டு தீர்க்க முயன்றார். முறுக்கிய கயிற்றில் நீர் நிறைந்த வாளியைத் தொங்கவிட்டு விட்டால், முதலில் வாளி மட்டும் சுழல்கிறது, நீரின் பரப்பு சமதளமாகவே இருக்கிறது; பின்னர் நீரும் மெல்ல மெல்ல வாளியோடு சேர்ந்து சுழல, அதன் பரப்பு நடுவில் குழிந்து விளிம்பில் ஏறுகிறது; இறுதியில் வாளியைப் பிடித்து நிறுத்தினாலும் நீர் சுழலும்வரை குழிவு நீடிக்கிறது. நீருக்கும் வாளிக்கும் இடையிலான சார்பு இயக்கம் தொடக்கத்தில் மிகுதி, அப்போது குழிவு இல்லை. நடுவில் அச்சார்பு இயக்கம் அறவே இல்லை, அப்போது குழிவு முழுமையாக இருக்கிறது. ஆகவே குழிவுக்குக் காரணம் வாளியைப் பொறுத்த சுழற்சி அன்று. அப்படியானால் எதைப் பொறுத்த சுழற்சி? எந்தப் பொருளையும் சாராமல் தானே நிலைத்திருக்கும், எங்கும் ஒரே தன்மையதான, அசைவற்ற வெளியைப் பொறுத்தது என்பது நியூட்டனின் விடை. சார்பற்ற வெளி என்று அவர் கொண்ட இதனைக் காணவோ தொடவோ இயலாது. நீர் குழிவதே அதன் ஒரே சாட்சி.

குழிவின் ஆழம் கோண வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. நீரின் அடர்த்தியோ தன்மையோ அதில் தலையிடுவதில்லை. 12 செ.மீ. ஆரமுள்ள வாளியில் நீர் நொடிக்கு ஒரு சுற்றுச் சுழன்றால், நடுப்பகுதி விளிம்பைவிட ஏறத்தாழ 2.9 செ.மீ. தாழும், எண்ணெயானாலும் பாதரசமானாலும் அதே அளவே தாழும். இவ்வாறு அமையும் பரப்பு துல்லியமான பரவளையம், தொலைநோக்கிக்கு வேண்டிய வடிவமும் அதுவே. உத்தராகண்டில் நைனிதாலுக்கு அருகே தேவஸ்தல் மலையில், ஆரியபட்டரின் பெயர் தாங்கிய வானியல் ஆய்வு நிறுவனத்தின் வளாகத்தில், 2022இல் முதன்முறையாக வானைப் படம்பிடித்த தொலைநோக்கியில் வழக்கமான கண்ணாடி இல்லை. 4 மீட்டர் விட்டமுள்ள தட்டில் பரப்பிய மெல்லிய பாதரசப் படலம் ஏறத்தாழ 8 நொடிக்கு ஒருமுறை சுழன்று தானே ஆடியாகிறது. அந்த ஆடியைச் சாய்க்க இயலாது என்பதால் அது தலைக்கு நேர்மேலே மட்டுமே பார்க்கும். பூமியின் சுழற்சி கொண்டுவந்து நிறுத்தும் வானப்பகுதியே அதன் பார்வைக்கு உரியது. நியூட்டனின் வாளி சார்பற்ற வெளியை நிறுவியதோ இல்லையோ, சுழற்சி பொருளின் மேல் எழுதும் எழுத்து எவ்வளவு திருத்தமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சார்பற்ற வெளியை நியூட்டன் இயற்பியலுக்குள் மட்டும் வைத்திருக்கவில்லை. எல்லையற்ற வெளியைக் கடவுளின் புலனுணர்வுக் களம் போன்றது என்று 1706இல் வெளியான ஒளியியல் நூலின் லத்தீன் பதிப்பில் குறிப்பிட்டார். எப்போதும் எங்கும் இருப்பதனாலேயே கடவுள் காலத்தையும் வெளியையும் அமைக்கிறார் என்று 1713இல் ‘பிரின்சிப்பியா’வின் இரண்டாம் பதிப்பில் சேர்த்த பொதுவுரையில் எழுதினார். நீர் எதைப் பொறுத்துச் சுழல்கிறது என்று தேடிச் சென்ற கேள்வி, இறைவன் எங்கும் நிறைந்திருத்தல் என்ற கோட்பாட்டில் சென்று முடிந்தது.

லைப்னிட்ஸ் இதை 1715இல், வேல்ஸ் இளவரசி கரோலினுக்கு எழுதிய கடிதத்தில் கண்டித்தார். நியூட்டன் தரப்பில் சாமுவேல் கிளார்க் என்ற இறையியலார் விடையளிக்க, இருவரும் ஆளுக்கு ஐந்து கடிதங்கள் எழுதினர். 1716 நவம்பரில் லைப்னிட்ஸ் மறைந்ததோடு அந்த வாதம் முடிவுற்றது. வெளி என்பது பொருள்கள் உடனிருக்கும் ஒழுங்கேயன்றித் தனிப்பொருள் அன்று என்பதும், எங்கும் ஒரே தன்மையதான வெளியில் உலகை இங்கே வைக்காமல் அங்கே வைக்கக் கடவுளுக்குப் போதிய காரணம் எதுவும் இருந்திருக்க முடியாது என்பதும், வெளி கடவுளின் பண்பானால் பகுதிகளுடைய ஒன்று கடவுளின் இயல்பில் புகுந்துவிடும் என்பதும் லைப்னிட்ஸின் வாதங்கள். இறையியல் நோக்கில் அவை மிக வலியவை. ஆனால் வாளி நீரின் குழிவுக்கு அவர் விடை தரவில்லை. கிளார்க் வற்புறுத்தியபோது, உண்மையான இயக்கத்துக்கும் வெறும் இடமாற்றத்துக்கும் வேறுபாடு உண்டு என்று ஐந்தாம் கடிதத்தில் ஒப்புக்கொண்டு, இயக்கத்தின் காரணம் எந்தப் பொருளில் இருக்கிறதோ அதுவே உண்மையில் இயங்குகிறது என்று மட்டும் கூறினார்.

பார்க்லி இவ்விருவரையும் விடத் தொலைவு சென்றார். அவர் 1710இல் எழுதிய நூலின்படி, சார்பற்ற வெளியை ஏற்பவர் இரண்டிலொன்றைக் கொள்ள வேண்டும்: ஒன்று அந்த வெளியே கடவுள், அல்லது கடவுளைத் தவிர என்றுமுள்ள, படைக்கப்படாத, எல்லையற்ற, மாறாத வேறொன்று உண்டு. இரண்டும் சமயத்துக்குக் கேடு என்பதால், பின்னாளில் ஆயரான அந்த மெய்யியலார் வெளியையே மறுத்தார். அத்தோடு நில்லாமல் 1721இல் எழுதிய இயக்கம் பற்றிய கட்டுரையில், வெற்று அண்டத்தில் ஒரே ஒரு கோளம் மட்டும் இருந்தால் அதன் இயக்கத்தைக் கருதவே இயலாது என்றும், இரண்டு கோளங்கள் ஒன்றையொன்று சுற்றுவதும் கூட நிலைத்த விண்மீன்கள் படைக்கப்பட்ட பின்னரே பொருளுடையதாகும் என்றும் கூறினார். நியூட்டனின் வெளி இருந்த இடத்தில் விண்மீன்கள் வந்து அமர்ந்தன. கடவுளின் தனிமையைக் காக்க எழுந்த ஒரு கவலை, இயற்பியல் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் எடுத்துக்கொண்ட வழியை முன்கூட்டியே திறந்துவிட்டது என்பது வரலாற்றில் அரிதாக நிகழ்வது. நியூட்டன் தரப்பில் இயற்பியல் உறுதியாகவும் இறையியல் தளர்வாகவும், பார்க்லியிடம் இறையியல் உறுதியாகவும் இயற்பியல் வெறும் குறிப்பாகவும் இருந்தன என்பதே நேரிய மதிப்பீடு.

விண்மீன்கள் இதில் எவ்வாறு தொடர்புடையவை என்பதை 1851இல் ஃபூக்கோ பாரிஸில் பலர் காண நிறுவினார். தேவாலயமாகக் கட்டப்பட்ட பாந்தியோன் மண்டபத்தின் குவிமாடத்திலிருந்து 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ எடையுள்ள குண்டைத் தொங்கவிட்டு ஆட்டியபோது, அது ஆடும் தளம் மணிக்கு ஏறத்தாழ 11 பாகை வீதம் திரும்பிற்று. பூமியின் கோணத் திசைவேகத்தில், அவ்விடத்தில் செங்குத்தாக நிற்கும் கூறு மட்டுமே ஊசலில் வெளிப்படும் என்பதால், பாரிஸில் முழுச் சுற்றுக்கு 32 மணி நேரம் ஆகிறது. நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள சென்னையிலானால் 106 மணி நேரம், அதாவது நான்கு நாள்களுக்கும் மேல் ஆகும். துருவத்தில் வைத்தால் ஊசலின் தளம் விண்மீன்களோடு ஒட்டி நிற்க, பூமி அதன் கீழே திரும்பும். ஒரு மூடிய மண்டபத்துக்குள், வானைப் பாராமல், பூமியின் சுழற்சி எவ்வளவு என்று அளக்கப்பட்டது. அந்த அளவு விண்மீன்களை நோக்கிப் பெற்ற அளவோடு ஒத்தது.

இந்த ஒப்புமைதான் முழுச் சிக்கலின் மையம். உள்ளிருந்து அறியும் சுழற்சியும், தொலைவிலுள்ள விண்மீன்களைப் பொறுத்த சுழற்சியும் ஏன் ஒன்றாக இருக்க வேண்டும்? நியூட்டனின் கொள்கைப்படி, விண்மீன்களின் பெருந்தொகுதி சார்பற்ற வெளியில் சுழலாமல் இருப்பதனால் இது நேர்கிறது. அது ஏன் சுழலவில்லை என்பதற்கு அக்கொள்கையில் விடையில்லை. எர்ன்ஸ்ட் மாக் 1883இல் எழுதிய விசையியல் வரலாற்றில் இதைத் திருப்பிப் போட்டார். வாளியைப் பொறுத்த சுழற்சி நீரைக் குழியச் செய்யாதது வாளியின் சுவர் மெல்லியது என்பதனால்தான். அதன் சுவர் பல கல் தொலைவு தடித்துப் பெருநிறை பெற்றால் என்ன நேரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். நீர் குழிவது அண்டத்திலுள்ள மொத்த நிறையைப் பொறுத்தது, எனவே நீர் நிற்க அண்டம் சுழன்றாலும் குழிவு உண்டாகும் என்பது இதன் உட்கருத்து. பொருளின் மிக அந்தரங்கமான இயல்பு போலத் தோன்றும் ஒன்று, மற்றெல்லாப் பொருள்களோடும் அதற்குள்ள உறவாக இங்கே மாறிவிடுகிறது.

பொதுச் சார்பியலை உருவாக்கிய காலத்தில் ஐன்ஸ்டைனை ஈர்த்த இக்கருத்துக்கு, மாக்கின் கோட்பாடு என்று 1918இல் பெயரிட்டவர் அவரே. சுழலும் பெருநிறைக் கூடு தனக்குள்ளிருக்கும் சுழலா நிலையின் அளவுகோலையே சிறிது இழுத்துச் செல்லும் என்று அதே ஆண்டில் தீரிங் என்ற இயற்பியலார் கணித்தார். தடித்த வாளி பற்றிய மாக்கின் ஐயத்துக்கு ஆம் என்ற திசையில் கிடைத்த முதல் விடை அது. 2004இல் பூமியிலிருந்து 642 கி.மீ. உயரத்தில் நிறுத்தப்பட்ட கிராவிட்டி புரோப் பி என்ற செயற்கைக்கோளில், பிங்பாங் பந்தளவுள்ள நான்கு குவார்ட்ஸ் உருண்டைகள் சுழலவிடப்பட்டன. பூமி சுழல்வதனால் அவற்றின் அச்சு ஆண்டுக்கு 39 மில்லி ஆர்க் நொடி திரும்ப வேண்டும் என்று கோட்பாடு கூற, 2011இல் வெளியான முடிவு 37 என்றும் அதில் 7 அளவுக்கு ஐயப்பாடு உண்டு என்றும் அறிவித்தது. ஒரு மில்லி ஆர்க் நொடி என்பது ஒரு பாகையின் 36 இலட்சத்தில் ஒரு பங்கு. அண்டையிலுள்ள நிறை, எது சுழலாமல் நிற்கிறது என்பதை முடிவு செய்வதில் பங்கேற்கிறது என்பது இதனால் நிறுவப்பட்டது. முழுப் பங்கும் நிறையினுடையதுதானா என்பது நிறுவப்படவில்லை. ஐன்ஸ்டைனும் பிற்காலத்தில் மாக்கின் கோட்பாட்டைக் கைவிட்டார்.

அதற்கு வலுவான தடையொன்றை, ஐன்ஸ்டைனின் எழுபதாம் பிறந்தநாளை ஒட்டி 1949இல் குர்ட் கோடல் எழுப்பினார். பொதுச் சார்பியலின் சமன்பாடுகளுக்கு அவர் கண்ட தீர்வொன்றில், அண்டத்தின் பொருள் முழுவதும், ஆங்காங்கே சுழலாமல் நிற்கும் அளவுகோல்களைப் பொறுத்து, ஒரே கோணத் திசைவேகத்தில் சுழல்கிறது. அண்டத்துக்கு வெளியே ஒன்றுமில்லாதபோதும் அண்டம் சுழல்வதாகச் சொல்லுவது அங்கே பொருளுடையதாகிறது. அதில் வாழ்பவர் தம் பம்பரத்தின் அச்சுக்கும் வானத்துக்கும் இடையே மெல்ல மெல்ல விலகல் ஏற்படுவதைக் கண்டு அதை அறிவர். அவ்வண்டத்தில் கடந்த காலத்துக்கே திரும்பிச் செல்லும் பாதைகளும் உண்டு என்பதால், காலம் கழிகிறது என்பதே தோற்றம் என்ற முடிவை நோக்கிக் கோடல் அதைக் கொண்டுசென்றார்.

நம் அண்டம் அவ்வகையினது என்பதற்கான குறியெதுவும் இதுவரை கிடைக்கவில்லை. அண்டப் பின்னணி நுண்ணலைக் கதிர்வீச்சில் சுழற்சியின் சுவடு தேடப்பட்டு, எதுவும் காணப்படவில்லை. ஜெர்மனியின் வெட்செல் நிலையத்தில் நிலத்தடியில் அமைந்த வளைய லேசர், எதிரெதிர்த் திசைகளில் சுற்றும் ஒளிக்கதிர்களை ஒப்பிட்டு, வானைப் பாராமலே பூமியின் கோணத் திசைவேகத்தைத் தருகிறது. பல நூறு கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள குவேசார்களை வானொலித் தொலைநோக்கிகள் நோக்கிப் பெறும் அளவோடு அது ஒத்துப்போகிறது. இந்த ஒப்புமைக்குக் காரணம் கூறுவோர் இன்று இரு திறத்தினர். அண்டம் தொடக்கத்தில் அளவிறந்து விரிவடைந்தபோது, முன்பிருந்திருக்கக்கூடிய சுழற்சி எதுவாயினும் நீர்த்துப்போயிற்று என்பது ஒரு திறத்தார் கொள்கை. அவ்வாறாயின் அண்டம் சுழலாமை நேர்ந்துபோன ஒரு நிகழ்ச்சியேயன்றி, வேறு விதமாக இருக்கவே இயலாத ஒன்று அன்று, போதிய காரணம் கேட்ட லைப்னிட்ஸின் கோரிக்கை பாதியே நிறைவேறுகிறது. உறவன்றிச் சுழற்சிக்கு வேறு பொருளே இல்லை என்று பார்க்லியின் வழிநின்று கூறுவோர் மறு திறத்தார்; அவர்கள் கோடலின் அண்டம் சமன்பாடுகளுக்கு உடன்பட்டதாக இருந்தும் ஏன் இயலாதது என்று காட்டக் கடமைப்பட்டவர்கள்.